ஹீட்டர் போட்டால் தலைவலி: சிறிய விமானத்தில் கார்பன் மோனாக்சைடு

கேள்வி: நான் தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். எங்கள் பள்ளியில் ஒற்றை பிஸ்டன் என்ஜின் கொண்ட நான்கு இருக்கை விமானங்கள் இரண்டு இருக்கின்றன. அதில் பழையதில், குளிரான காலை நேரத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு பறந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் நெற்றியை இறுக்கிப் பிடிப்பது போலத் தலைவலி வருகிறது. ரேடியோவில் சொன்னதைத் திருப்பிச் சொல்லவே தடுமாறுகிறேன். இறங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. இன்னொரு விமானத்தில் இப்படி வருவதில்லை. பயிற்றுநர், சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய் என்கிறார். பேனலில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு அட்டையில் புள்ளி நிறம் மாறவில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டியது. புகை வாடையும் இல்லை. எல்லாம் என் கற்பனைதானா சார்? வீட்டில் மாட்டும் டிடெக்டர் ஒன்றை வாங்கி எடுத்துப்போனால் போதுமா?
- பெயர் வெளியிட விரும்பாத பயிற்சி விமானி

பதில் அளிப்பவர்: விமானப் பராமரிப்புப் பொறியாளர்

வணக்கம் அம்மா. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய விமானத்தின் எக்ஸாஸ்டை (என்ஜின் புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) ஒரு பொறியாளர் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அதில் ஏறாதீர்கள். ஹீட்டரை அணைத்துவிட்டுப் பறக்கலாமே என்று தோன்றும். அதுவும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்கு வருவது கற்பனை இல்லை. நீங்களே எழுதியதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரே ஒரு விமானத்தில் மட்டும் வருகிறது. ஹீட்டர் ஓடும்போது வருகிறது. இறங்கிய உடனே போகாமல் சில மணி நேரத்தில் மெல்ல விலகுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கேபினுக்குள் கசிகிறதோ என்று சந்தேகித்து நான் முதலில் கை வைக்கிற இடம் மஃப்ளர், அதாவது எக்ஸாஸ்டில் சத்தத்தைக் குறைக்கும் பெட்டிதான். தூக்கம் குறைந்ததால் வரும் தலைவலி இரண்டு விமானத்திலும் வந்திருக்க வேண்டும். தலைவலிக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒன்று இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த வரிசையை யாரும் மாற்றக் கூடாது.

நீங்கள் ஓட்டும் ரக விமானத்தில் கேபினைச் சூடாக்க எப்படிக் காற்று வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஹீட்டருக்கென்று தனி அடுப்போ மின்கம்பியோ கிடையாது. என்ஜின் புகை வெளியே போகும் மஃப்ளரைச் சுற்றி மெல்லிய தகட்டால் ஒரு உறை போட்டிருப்பார்கள். முன்னால் இருந்து வரும் வெளிக்காற்று அந்த உறைக்கும் மஃப்ளருக்கும் நடுவே ஓடிச் சூடாகி, ஒரு குழாய் வழியாக, ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) உள்ள வால்வைத் தாண்டி உங்கள் காலடிக்கு வருகிறது. நீங்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் என்ஜின் புகைக்கும் நடுவே நிற்பது அந்த மஃப்ளரின் சுவர் மட்டும்தான். கையில் எடுத்துப் பார்த்தால் இவ்வளவு மெல்லிசா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

அந்தச் சுவர் ஒவ்வொரு பயணத்திலும் செக்கச்சிவந்து சூடாகிப் பிறகு குளிர்கிறது. என்ஜினின் அதிர்வு ஓயாமல் அதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. காகிதத்தை ஒரே இடத்தில் மடித்து மடித்துப் பிரித்தால் மடிப்பில் கிழிவதுபோல, வெல்டிங் ஓரங்களிலும் வளைவுகளிலும் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. உலோகம் சூடாகி விரியும்போது திறக்கும் விரிசல், குளிர்ந்ததும் மூடிக்கொள்ளலாம். அதனால்தான் காலையில் என்ஜின் மூடியான கௌலிங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்வதை நான் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்வதில்லை.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? பிஸ்டன் என்ஜினின் புகையில், மிக்ஸ்சர் ரிச்சாக, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருள் அதிகமாக, இருக்கும்போது, கார்பன் மோனாக்சைடு பல சதவீதம் இருக்கும். ஒரு சதவீதம் என்றாலே பத்து லட்சத்தில் 10,000 பங்கு, அதாவது 10,000 பிபிஎம். கேபின் காற்றுக்கு அமெரிக்கச் சான்றளிப்பு விதிகள் நெடுங்காலமாக வைத்திருந்த உச்ச வரம்பு 20,000-ல் ஒரு பங்கு, அதாவது 50 பிபிஎம். புகையில் 5 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை ஆயிரம் மடங்கு நல்ல காற்றோடு கலந்தாலும் அந்த வரம்பைத் தொட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இப்போது உங்களுக்கு ஆறுதல் தந்த மூன்று விஷயங்களுக்கு வருகிறேன். மூன்றையும் நம்பாதீர்கள்.

வாடை: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. அதோடு சேர்ந்து வரும் மற்றப் புகை சில நேரம் நாறும், சில நேரம் நாறாது. நாறினாலும் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். புகை வாடை வந்தால் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆக்ஸிமீட்டர்: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கருவி விரல் வழியாகச் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணிவிடும். அதனால் நச்சு ஏறிய ஒருவருக்கும் 97, 98 என்று நல்ல எண்ணே காட்டும். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைகிறதா என்று பார்க்க அது நல்ல கருவி, எடுத்துப்போங்கள். இந்த விஷயத்தில் மட்டும் அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

அப்புறம் அந்த அட்டை. கார்பன் மோனாக்சைடு பட்டால் நடுவில் உள்ள புள்ளி கருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. உறையைப் பிரித்த நாளிலிருந்து அதற்குக் குறிப்பிட்ட ஆயுள்தான். சில வகைகளுக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேல். பிரித்த தேதியை எழுத அட்டையிலேயே இடம் விட்டிருப்பார்கள். அடுத்த முறை விமானத்தின் பக்கம் போகும்போது எட்டிப் பாருங்கள், அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று. பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருக்காது, அல்லது வெயிலில் மங்கிப்போன ஒரு பழைய தேதி இருக்கும். கண்ணாடி துடைக்கும் திரவத்தின் ஆவி பட்டாலும் அந்த ரசாயனம் கெட்டுப்போகலாம்.

சரி, புத்தம் புதிய அட்டை என்றே வைத்துக்கொள்வோம். அது சத்தம் போடாது. நீங்கள்தான் அதைப் பார்க்க வேண்டும், நிறம் மாறியதைக் கவனிக்க வேண்டும், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு முதலில் பறிப்பது அந்தக் கவனத்தையும் யோசனையையும்தான். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2022 ஜனவரியில் ஒரு கணக்கைச் சொன்னது. 1982 முதல் 2020 வரை கார்பன் மோனாக்சைடு நச்சால் நடந்த விபத்துகள் 31. அவற்றில் 23 விபத்துகளில் 42 பேர் இறந்தார்கள். அந்த 31 விமானங்களில் டிடெக்டர் இருந்தது ஒரே ஒன்றில். அந்த ஒன்றும் ஒலியாலோ ஒளியாலோ விமானியை எச்சரிக்கும் வகை இல்லை. இந்த வரியை நான் பலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். பேசாத கருவி விமானத்தில் இருப்பதும் இல்லாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகச் சொல்ல மருத்துவர்தான் தகுதியானவர். ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவானது. ஒட்டினால் சீக்கிரம் விடாது. நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். உங்கள் தலைவலி இறங்கியதும் நிற்காமல் மெல்லக் குறைவதற்கு இது பொருந்துகிறது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் ஒரு சார்ட்டி (ஒரு பறப்பு), மதியம் ஒரு சார்ட்டி என்று போனால், காலையில் ஏறியது முழுதாக இறங்கும் முன்பே மதியத்துக்கானது மேலே சேரும். உயரத்தில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் குறைவு, அதுவும் சேர்ந்துகொள்ளும். புகை பிடிப்பவருக்கு ரத்தத்தில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இது மற்றவர்களை விடச் சீக்கிரம் பாதிக்கும்.

தலைவலி வருவதை ஒரு வகையில் நல்ல காலம் என்றே சொல்வேன். எல்லோருக்கும் அது வருவதில்லை. 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு விமானி தன் மூனி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். ஆட்டோபைலட் போட்டிருந்தார். நடு வானில் நினைவிழந்தார். எரிபொருள் தீரும்வரை விமானம் தானாகவே பறந்து, பனி மூடிய வயல்வெளியில் இறங்கி நின்றது. அவர் கண் விழித்து, நடந்து போய் உதவி கேட்டு உயிர் பிழைத்தார். மஃப்ளரில் விரிசல். ஆட்டோபைலட் இல்லாமல் இருந்திருந்தால், அல்லது அந்த வழியில் வயலுக்குப் பதிலாக மரங்களோ வீடுகளோ இருந்திருந்தால், இதைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

2019 ஜனவரி 21 அன்று ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபு என்ற சிறு விமானம் உங்களுக்கு நினைவிருக்கலாம். கால்பந்து வீரர் எமிலியானோ சாலா அதில்தான் பயணித்தார். அவருடைய ரத்தத்தில் 58 சதவீத ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. விமானியின் உடல் கிடைக்கவில்லை என்றாலும், அவரும் ஓரளவு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. எச்சரிக்கை எழுப்பும் டிடெக்டர் எதுவும் அந்த விமானத்தில் இருக்கவில்லை.

ஹீட்டரை அணைத்தால் மட்டும் போதாது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 2017 டிசம்பர் 31, சிட்னிக்கு வடக்கே ஒரு பீவர் மிதவை விமானம் நீரில் விழுந்து விமானியும் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். அங்கே அது கோடைக்காலம், ஹீட்டர் தேவைப்படும் பருவமே இல்லை. விசாரணையின் பிற்பகுதியில்தான் ரத்த மாதிரிகளில் கார்பன் மோனாக்சைடைத் தேடிப் பார்த்தார்கள், இருந்தது. எக்ஸாஸ்ட் வளையத்தில் விரிசல் இருந்தது. ஃபயர்வாலில், என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு வழிவிடும் சிறு பேனல்களில் போல்ட்டுகள் சில காணவில்லை. அந்த ஓட்டைகள் வழியாகப் புகை உள்ளே வந்திருக்கிறது. கிளம்பும் முன் விமானியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் டாக்ஸி செய்ததும் (பறக்காமல் தரையிலோ நீரிலோ மெல்ல ஓட்டுவது) அதைக் கூட்டியிருக்கக்கூடும் என்று ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு கருதியது.

ஒரு போல்ட் இல்லாத துளை! பராமரிப்பு வேலை செய்பவர்கள் இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஃபயர்வாலில் கம்பிகளும் கேபிள்களும் நுழையும் இடங்களில் உள்ள ரப்பர் வளையங்கள், அடைப்புப் பசை, கதவு ரப்பர், முன் சக்கரக் கூட்டின் இடுக்கு, வயிற்றுப் பக்கம் ஆய்வுக்காக விட்ட மூடிகள், இவை எல்லாமே வழிதான். பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைந்தால் கூட, வயிற்றை ஒட்டிப் போகும் புகை வால் பக்கத்து இடுக்கு வழியாகக் கூட உள்ளே இழுக்கப்படும்.

இனி டிடெக்டர். வாங்குங்கள், அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் வீட்டு அலாரத்தை நம்பி ஏறாதீர்கள். அது கெட்ட கருவி என்று சொல்லவில்லை, வேறு இடத்துக்காகச் செய்தது. வீட்டில் அடிக்கடி பொய்யாகக் கத்தினால் மக்கள் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள் என்பதால், அதற்கான தரங்கள் பொறுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்க வீட்டுத் தரத்தின்படி 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் கத்தினால் போதும். ஐரோப்பியத் தரத்தில் 50 பிபிஎம்முக்கு 60 முதல் 90 நிமிடம். உங்கள் பயிற்சிப் பயணமே அதற்குள் முடிந்துவிடும். குறைந்த அளவைத் திரையிலேயே காட்டாத வகைகளும் உண்டு. அதுவும் போக, ஹெட்செட் மாட்டி என்ஜின் இரைச்சலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் கேட்குமா என்பதே சந்தேகம். எதுவும் இல்லாததற்கு அது இருக்கட்டும் என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன், அட்டையை விட மேல்.

நான் பரிந்துரைப்பது மின்வேதி சென்சார் கொண்ட, பிபிஎம் எண்ணைத் தொடர்ந்து திரையில் காட்டுகிற, ஒலி ஒளி இரண்டாலும் எச்சரிக்கிற சிறு கருவி. விமானத்துக்கென்றே செய்தவை கிடைக்கின்றன. தொழிற்சாலையில் வாயு உள்ள இடங்களில் வேலை செய்பவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் வகையும் நல்லது, அது அதிரவும் செய்யும், சத்தம் கேட்காவிட்டாலும் உடம்பு உணரும். பள்ளி தன் செலவில் பேனலில் பொருத்தி ஆடியோ பேனலோடு இணைத்தால் இன்னும் உத்தமம், ஹெட்செட்டிலேயே எச்சரிக்கை கேட்கும். ஆனால் பள்ளி செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்களுடையது உங்கள் பையில் இருந்தால் நீங்கள் ஏறும் எந்த விமானத்திலும் உங்களோடு வரும்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை சில. சென்சாருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் சில ஆண்டுகள்தான், காலாவதித் தேதியைப் பாருங்கள். டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் பேட்டரியும் சத்தமும் வேலை செய்கின்றன என்றுதான் தெரியும், சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. விமானத்துக்கு வெளியே நல்ல காற்றில் ஆன் செய்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே உள்ளே எடுத்துப்போங்கள். கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பையில் போட்டுப் பின் இருக்கையில் வைத்தால் பயனில்லை. வெளிக்காற்று வரும் வென்ட்டுக்கு நேரே வைத்தால் அது மட்டும் நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கும், நீங்கள் வேறொன்றைச் சுவாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

என்ன எண் வந்தால் என்ன செய்வது? கருவியோடு வரும் குறிப்பையும் விமானத்தின் கையேட்டையும் முதலில் பின்பற்றுங்கள். நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். காற்று பின்னால் இருந்து அடிக்கும்போது டாக்ஸி செய்தாலோ, இன்னொரு விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்றாலோ எண் சட்டென்று ஏறும், விமானத்தின் முகம் காற்றுக்குத் திரும்பியதும் இறங்கிவிடும். அது கசிவுக்கான அடையாளம் இல்லை. பறக்கும்போது 10-க்கு மேல் போய் அங்கேயே நின்றால் எழுதி வைத்துக்கொண்டு, இறங்கியதும் பொறியாளரிடம் சொல்லுங்கள். 35 என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நையோஷ் எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைத்த வரம்பு. ஆனால் விமானி தரையில் நின்று வேலை செய்பவர் இல்லை, அதனால் அந்த எண் வந்தாலே ஹீட்டரை அணைத்து அருகில் இறங்க ஏற்பாடு செய்ய வேண்டும். 50 தாண்டினால் விவாதமே இல்லை. எண் குறைவாக இருந்து தலைவலி இருந்தாலும் விவாதம் இல்லை.

அலாரம் அடித்துவிட்டது, மேலே இருக்கிறீர்கள். முதல் வேலை கேபின் ஹீட்டரை முழுதாக மூடுவது. அடுத்து வெளிக்காற்று வென்ட்டுகள் எல்லாவற்றையும் திறப்பது. ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தால் மாஸ்க்கை மாட்டுங்கள். முழு ஆக்ஸிஜன் கிடைத்தால் நச்சு பாதியாக இறங்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணிக்குள் வந்துவிடும். ஜன்னலைத் திறப்பது பொதுவாக உதவும், ஆனால் சில ரகங்களில் அது புகையை வாலிலிருந்து உள்ளே இழுக்கும். உங்கள் விமானம் எந்த ரகம் என்பதைக் கையேட்டில் இன்றைக்கே பார்த்து வையுங்கள், மேலே போய்ப் பக்கம் புரட்ட முடியாது. கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மிக்ஸ்சரை லீன் செய்தால், அதாவது எரிபொருளின் பங்கைக் குறைத்தால், புகையில் கார்பன் மோனாக்சைடு குறையும்.

பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்லுங்கள். 'கார்பன் மோனாக்சைடு சந்தேகம், அவசர நிலை, உடனே இறங்க வேண்டும்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கருவி பொய் சொல்கிறதோ என்று இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் வருவதே நச்சு ஏறியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். உங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதை அந்த நேரத்தில் கணக்கில் எடுக்காதீர்கள்.

இறங்கியதும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள், கூட வந்தவர்களையும் அழைத்துக்கொண்டு. அங்கே விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி நன்றாக இருக்கிறீர்கள் என்று அனுப்பிவிடக்கூடும். விமானப் புகையைச் சுவாசித்த சந்தேகம் இருக்கிறது, ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளவு பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். தாமதித்தால் அளவு இறங்கி, நடந்ததற்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

இப்போது உங்கள் பழைய விமானத்துக்கு வருவோம். டெக் லாக்கில், அதாவது விமானத்தின் பழுதுப் பதிவேட்டில், இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'ஹீட்டர் இயக்கத்தில் இருந்தபோது விமானிக்குத் திரும்பத் திரும்பத் தலைவலி. எக்ஸாஸ்ட் கசிவு சந்தேகம். சோதிக்கவும்.' வாயால் சொன்னது காற்றோடு போகும். லாக்கில் ஏறினால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சோதனையில் நான் செய்வது இது. முதலில் ஹீட்டர் உறையைக் கழற்றிவிடுவேன். உறையோடு சேர்த்துப் பார்த்தால் மஃப்ளரைப் பார்த்ததாகவே கணக்கில்லை. உறையின் உட்புறத்தில் கரியோ, சாம்பல் வெள்ளையாகத் தீற்றலோ இருந்தால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே நல்ல காற்று மட்டும்தான் போயிருக்க வேண்டும். வெல்டிங் ஓரம், குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்புகள், கிளாம்ப் பிடித்த இடங்கள், எங்காவது உப்பியிருக்கிறதா, உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் உடைந்து கிடக்கின்றனவா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம் வாக்குவம் கிளீனரின் வெளிக்காற்றுப் பக்கத்தை எக்ஸாஸ்ட் குழாயில் பொருத்தி, உள்ளே லேசாக அழுத்தம் கொடுத்துக்கொண்டு, சோப்பு நீரைத் தடவிப் பார்ப்பேன். இணைப்புகளில் கொஞ்சம் நுரை வருவது இயல்பு. மஃப்ளர் சுவரில் ஒரு கோடாகக் குமிழி வரிசை கட்டி எழுந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியாத இடத்தில் குமிழி வருவதைப் பார்த்தவர்கள் பிறகு இந்தச் சோதனையை ஒருபோதும் விடமாட்டார்கள். விரிசலைக் குறிக்கப் பென்சிலை எடுக்கக் கூடாது. கிராஃபைட் பட்ட இடத்தில் சூடேறும்போது உலோகம் பலவீனமாகி அங்கேயே புது விரிசல் விடும்.

ஓடிய மணி நேரத்தையும் கேளுங்கள். 1000 மணி நேரம் தாண்டிய மஃப்ளரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எரிந்து மெலிந்த தகட்டின் மேல் வெல்டிங் போட்டு ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும். மாற்றுவதுதான் சரி. கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடான காற்று விடும் கார்புரேட்டர் ஹீட்டும் அதே உறையிலிருந்து காற்றெடுக்கும் ரகம் என்றால், ரன்-அப்பில், அதாவது கிளம்பும் முன் தரையில் என்ஜினைச் சோதிக்கும்போது, ஒரு துப்புக் கிடைக்கும். கார்புரேட்டர் ஹீட்டை இழுத்ததும் வழக்கத்தைவிட அதிகமாக ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) விழுந்தால், என்ஜின் தன் புகையையே சுவாசிக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பயிற்றுநரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவரைக் குறை சொல்வது போல ஆகிவிடுமோ என்று யோசிக்காதீர்கள். நீங்கள் அந்த விமானத்தில் ஒரு சார்ட்டி போகிறீர்கள். அவர் ஒரே நாளில் பல மாணவர்களோடு அதே இருக்கையில் உட்காருகிறார். கசிவு இருந்தால் உங்களைவிட அதிகமாகச் சுவாசிப்பவர் அவர்தான். 'சார், உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் பராமரிப்புத் தலைவரிடமும் எழுத்தில் கொடுங்கள். விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்று கேட்பது பயிற்சி விமானியின் வேலையில் ஒரு பகுதி. அதற்கு யாரும் கோபப்பட முடியாது, கோபப்பட்டால் அந்தப் பள்ளியில் பறப்பதைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும்.

டிடெக்டர் கட்டாயமா என்று அவர்கள் கேட்கலாம். பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல், விமானி அல்லாத பயணிகளை ஏற்றிப் பறக்கும் பிஸ்டன் விமானங்களில் எச்சரிக்கை எழுப்பும் டிடெக்டர் கட்டாயம். அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004-லேயே அதைப் பரிந்துரைத்தது. விதியாகவில்லை. 2022-ல் திரும்பவும் பரிந்துரைத்தது. இத்தனை பேர் இறந்த பிறகும் இது விருப்பப் பட்டியலில் இருப்பது எனக்கு ஏற்க முடியாத விஷயம். இடுப்பு பெல்ட்டை யாரும் விருப்பத்துக்கு விடுவதில்லை.

சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகு, டிடெக்டரோடும் பயிற்றுநரோடும், விமான நிலையத்தை விட்டு விலகாமல் ஒரு சிறு பயணம் போங்கள். டாக்ஸி, ரன்-அப், முழுச் சக்தியில் ஏற்றம், ஹீட்டர் இல்லாமல் சமதளப் பறப்பு, ஹீட்டரோடு சமதளப் பறப்பு, சக்தி குறைத்து இறக்கம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பிபிஎம் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் போட்டதும் எண் ஏறினால் மஃப்ளரை மறுபடி திறக்க வேண்டும். ஏற்றத்தில் மட்டும் ஏறினால் ஃபயர்வாலையும் கதவு ரப்பரையும் பார்க்க வேண்டும். எதிலும் ஏறாமல் தலைவலி மட்டும் வந்தால் அந்தத் தாளோடு விமான மருத்துவரைப் பாருங்கள்.